மில்லியும் மைக்ரோவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, ஜெயிச்ச கதை சொல்ல வேற ஆள் இருக்கு. நீ பார்க்கிற வேலை என்னன்னு பிள்ளைகளுக்குப் புரியிற மாதிரி சொல்லு, அது போதும்" என்றார். அது போதும் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று பத்து வருஷத்துக்கு மேலாக என் அம்மாவுக்கே புரிய வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல பொஸ்தகம் அடிக்கிறான்" என்கிறார். யோசித்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் தப்பில்லை.

நான் 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். பந்தல்குடி, ரெட்டியபட்டி, நரிக்குடி, திருச்சுழி என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். நான் அருப்புக்கோட்டைக்குள்ளேயே, நெசவுத் தெருவிலிருந்து நடந்து வந்தவன். அப்பா கைத்தறி நெசவாளி. படித்து முடித்ததும் சென்னையில், அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். நம்மில் பலருக்கு இது தெரியாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கும் பெரிய பதிப்பகங்களின் மருத்துவ, அறிவியல் இதழ்களில் கணிசமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும்தான் உருவாகின்றன. ஒரு டாக்டர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையை வேர்டு கோப்பாக அனுப்புகிறார். அது எக்ஸ்.எம்.எல். ஆக மாறி, அதிலிருந்து அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் பிறக்கின்றன. அந்த மாற்றத்துக்கான புரோகிராம்களை எழுதுவது என் வேலை.

எக்ஸ்.எம்.எல். என்றால் என்ன என்று கணிப்பொறித் துறைப் பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழ்த் துறை, வணிகவியல் துறை நண்பர்களுக்காக ஒரு நிமிடம் ஒதுக்குகிறேன்.

<ஊர்>திருச்சுழி</ஊர்>

இவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் குறி வைத்து, "இது ஊர்ப் பெயர்" என்று சொல்லிவிடுகிறோம். எழுத்து தடிமனா, சாய்வா, சிவப்பா என்று சொல்வதில்லை. அது என்ன பொருள் என்பதை மட்டும் சொல்கிறோம். குறிச்சொல்லைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன், பாருங்கள். இது உங்களை மகிழ்விப்பதற்காகச் செய்த வேடிக்கை கிடையாது. 1998 பிப்ரவரி 10-ல் வெளியான முதல் தரநிர்ணயத்திலிருந்தே தமிழ் எழுத்துகளில் குறிச்சொல் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இதற்கு முன்னோடியான எஸ்.ஜி.எம்.எல். 1986-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. அது பெரிய யானை. அதைப் பழக்கி, இணையத்துக்கு ஏற்ற அளவில் சுருக்கியதுதான் எக்ஸ்.எம்.எல். டிம் பிரே, ஜான் பவோலி, ஸ்பெர்பெர்க்-மெக்குவீன் மூவரும் அந்த ஆவணத்தின் பதிப்பாசிரியர்கள்.

விதிகள் மிகக் குறைவு. திறந்த குறியை மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். எல்லாவற்றையும் அடக்கிய வெளிக்குறி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் படிக்கும் புரோகிராம் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், ஊகித்து மேலே போகக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி அப்படியில்லை, எவ்வளவு தப்பாக எழுதினாலும் சமாளித்துக் காட்டிவிடும். கண்டிப்பான வாத்தியாருக்கும் போனால் போகட்டும் என்று மார்க் போடும் வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம். (முன் வரிசையில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சார்.)

இந்தக் கண்டிப்பைச் செயல்படுத்தும் கருவிகளைத்தான் நான் தினமும் கையாளுகிறேன். முதல் கருவி எக்ஸ்.எம்.எல்.லின்ட். டேனியல் வெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய லிப்எக்ஸ்.எம்.எல்.2 என்ற நூலகத்தோடு வருவது. காசு கிடையாது. லினக்ஸ் கணிப்பொறியில் ஒரு வரி தட்டினால் போதும், எந்தக் கோப்பு எந்த வரியில் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடும். குறிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்பது முதல் சோதனை. இந்த வகை ஆவணத்தில் இந்தக் குறிக்குள் இந்தக் குறிதான் வரலாம் என்ற இலக்கணத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாவது சோதனை. எங்கள் தொழிலில் அந்த இலக்கணத்தின் பெயர் ஜாட்ஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2003-ல் வெளியிட்ட இலக்கணத்திலிருந்து வளர்ந்து, 2012-ல் முறையான தரமாக வந்தது. பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைக் களஞ்சியம் இந்த வடிவத்தில்தான் இயங்குகிறது.

கோப்பைப் படிப்பதில் இரண்டு முறை உண்டு. நெசவுத் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பாவடியில் முழுப் பாவையும் நீட்டி விரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்ப்போமே, அது ஒன்று. டாம் என்று பெயர். எந்த இழையையும் எப்போது வேண்டுமானாலும் தொடலாம், ஆனால் தெரு முழுக்க இடம் வேண்டும். மற்றது தார் சுற்றுவது மாதிரி. நூல் விரல் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். முடிச்சு வந்தால் விரலுக்குத் தெரியும், போன நூல் போனதுதான். சாக்ஸ் என்று பெயர், 1998-ல் வந்தது. பெரிய கோப்பை டாம் முறையில் திறந்து கணிப்பொறி திணறிப்போய் நின்றால், தார் சுற்றுகிற முறைக்கு மாறுங்கள்.

பிறகு எக்ஸ்பாத், எக்ஸ்.எஸ்.எல்.டி. ஆவணத்துக்குள் வழி சொல்வது முதலாவது, ஒரு ஆவணத்தை இன்னொன்றாக மாற்றுவது இரண்டாவது. இரண்டும் 1999 நவம்பரில் தரமாயின. மைக்கேல் கே எழுதிய சாக்ஸன் என்ற கருவி இல்லாத நாள் எனக்குக் கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் விழுவார்கள். எழுதிய வழி சரியாக இருக்கும், விடை மட்டும் வெறுமையாக வரும். "அண்ணே, மென்பொருள்ல தப்பு இருக்கு" என்பார்கள். தப்பு அதில் இல்லை, பெயர்வெளியைக் கவனித்திருக்க மாட்டார்கள். நம் தெருவில் நாலு முருகன் இருந்தால் இன்னார் வீட்டு முருகன் என்றுதானே கூப்பிடுவோம்? இங்கேயும் அப்படித்தான், இன்னார் வீட்டு 'தலைப்பு' என்று சொன்னால்தான் திரும்பிப் பார்க்கும்.

கருவிகளைப் பற்றி இதற்கு மேல் அடுக்கினால் தூங்கிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

2013. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். வேர்டு கோப்பை எக்ஸ்.எம்.எல். ஆக்கும் புரோகிராமை நான் திருத்தி எழுதியிருந்தேன். வேகமாக ஓடியது. பாராட்டும் கிடைத்தது. வேர்டின் இன்றைய கோப்பு வடிவமும் உள்ளே எக்ஸ்.எம்.எல்.தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே அடுக்கடுக்காகக் கோப்புகள் இருக்கும். அதில் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு, எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று ஏகப்பட்ட குறிகள். எனக்கு இதெல்லாம் குப்பை. பொருள்தான் முக்கியம், தோற்றம் முக்கியமில்லை என்பதுதானே எக்ஸ்.எம்.எல். வேதம்? எழுத்துருக் குறிகளையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் அம்மா ஒருவர் இருந்தார். ஓய்வு பெறும் வயது. கணிப்பொறியில் அவ்வளவு பழக்கம் கிடையாது, தாளில் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். ஒரு நாள் மாலை என் மேஜைக்கு வந்து ஒரு பக்கத்தை வைத்தார். பச்சைக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் வலி மருந்து பற்றிய கட்டுரை.

"தம்பி, ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம்னு இருக்கு. மேல முன்னுரையில இதே மருந்தை மைக்ரோகிராம்னு எழுதியிருக்காங்க. எது சரி?"

மூலக் கோப்பைத் திறந்தேன். திரையில் மைக்ரோகிராம் என்றுதான் இருந்தது. என் எக்ஸ்.எம்.எல். கோப்பில் மில்லிகிராம் என்று இருந்தது. ஆயிரம் மடங்கு.

நடந்தது இதுதான். மைக்ரோ என்பதைக் குறிக்கும் கிரேக்க எழுத்து 'மியூ'. கட்டுரை எழுதிய டாக்டர் அதை யூனிகோடு எழுத்தாகப் போடவில்லை. பழைய பழக்கத்தில் ஆங்கில 'எம்' விசையைத் தட்டி, அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் சிம்பல் என்ற எழுத்துருவை ஏற்றியிருந்தார். சிம்பல் எழுத்துருவில் 'எம்' இருக்கும் இடத்தில் மியூ வடிவம் இருக்கிறது. கண்ணுக்கு மியூ, கணிப்பொறிக்கு எம். நான் எழுத்துருவைக் குப்பை என்று தூக்கி எறிந்ததும் மிச்சமிருந்தது எம். எம்.ஜி. என்றால் மில்லிகிராம். முன்னுரையில் மட்டும் அவர் வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருந்ததால், அங்கே சரியான எழுத்து தப்பித்திருந்தது.

இதில் எக்ஸ்.எம்.எல்.லின்ட் என்ன சொன்னது தெரியுமா? கோப்பு சரி என்றது. ஜாட்ஸ் இலக்கணம்? சரி. குறிகளெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தன. ஒரு குழந்தைக்கு ஆயிரம் மடங்கு மருந்து என்பது இலக்கணப்படி சுத்தமான வாக்கியம்.

அந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் திருத்திவிட்டோம். ஆனால் என் புரோகிராம் அதற்குள் சில மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு உட்கார்ந்து, முன்பு முடித்த கோப்புகளையெல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டுத் தேடினேன். வெளியாகிவிட்ட மூன்று கட்டுரைகள் சிக்கின. இரண்டில் மைக்ரோமீட்டர் மில்லிமீட்டராகி இருந்தது. ஒரு பாக்டீரியா 2 மில்லிமீட்டர் நீளம் என்று படித்தால் படிக்கிறவர் சிரித்துவிட்டு, தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடுவார். மூன்றாவதில் மருந்தளவு.

நான் உடனே போய்ச் சொல்லவில்லை. இந்த மேடையில் நின்று பொய் சொல்லக் கூடாது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆசிரியரும் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்தானே, அவரும்தான் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், வேலை போய்விடுமோ என்ற பயம். இரண்டாம் நாள் ராத்திரி அப்பாவிடம் போனில் பேசும்போது பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னேன். அவருக்கு எக்ஸ்.எம்.எல்லும் தெரியாது, மைக்ரோகிராமும் தெரியாது. "சேலையில இழை தப்பியிருந்தா, தப்பு உள்ளார போற மாதிரி மடிச்சுக் குடுத்துட்டா முதலாளிக்குத் தெரியாதுதான்டா. கட்டுறவ பிரிப்பாள்ல?" என்றார். அதோடு மழை பெய்ததா, குண்டாற்றில் தண்ணீர் வந்ததா என்று பேச்சு மாறிவிட்டது.

மறுநாள் காலை மேலாளரிடம் சொன்னேன். அறைக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பதிப்பகத்துக்குக் கடிதம் போனது. மூன்று கட்டுரைக்கும் திருத்த அறிவிப்பு வெளியானது. வேலை போகவில்லை. ஆனால் அந்த வருஷ ஊதிய உயர்வு போனது. அந்த மூன்றாவது கட்டுரையை இடைப்பட்ட நாட்களில் யாராவது படித்து மருந்து கொடுத்திருப்பார்களா? டாக்டர்கள் ஒரே ஒரு கட்டுரையை வைத்துக் கொண்டு மருந்து கொடுப்பதில்லை, மருந்துக் குப்பியிலேயே அளவு இருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்தான். அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கென்று இருக்கும் நிறுவனம், கையெழுத்தில் மியூ எழுத்தை மில்லி என்று படித்துவிடுகிறார்கள், ஆகவே மைக்ரோகிராமுக்கு எம்.சி.ஜி. என்றே எழுதுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அதைப் படித்தபோது, என் புரோகிராம் செய்த தப்பை மனிதக் கண்ணும் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன், மாணவர்களுக்குப் பயன்படும். எழுத்துருக் குறியை எறியும் முன் அதைப் படிக்க வைத்தேன். சிம்பல் என்று இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் அட்டவணை பார்த்து யூனிகோடுக்கு மாற்று. இது முதல் வேலை. இதிலும் ஒரு வில்லங்கம். யூனிகோடில் மியூ இரண்டு இருக்கிறது. மைக்ரோ குறி என்று ஒன்று, கிரேக்க எழுத்து என்று ஒன்று. பார்க்க ஒரே மாதிரி, எண் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக்கு.

இரண்டாவது வேலை ஸ்கீமட்ரான். ரிக் ஜெல்லிஃப் என்பவர் 1999-ல் உருவாக்கியது. மற்ற இலக்கணங்கள் "இந்தக் குறிக்குள் எந்தக் குறி வரலாம்" என்று மட்டும் பார்க்கும். ஸ்கீமட்ரான் வாக்கியமாகக் கேள்வி கேட்க விடும். 'ஒரே கட்டுரையில், ஒரே மருந்துப் பெயருக்கு அருகில், மில்லிகிராமும் மைக்ரோகிராமும் வந்தால் எச்சரிக்கை கொடு' என்று எழுதினேன். அந்த அம்மா சிவப்புப் பேனாவால் என்ன கேட்டாரோ, அதையே கருவியின் மொழியில் எழுதி வைத்தேன். அது பிழை என்று தீர்ப்புச் சொல்லாது. ஒரு மனிதரைக் கூப்பிடும், அவ்வளவுதான்.

மூன்றாவது, எண்ணிக்கை. மூலத்தில் எத்தனை மியூ, எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா, முடிவில் எத்தனை? இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு வெளியே போகாது. பாவு புணைக்கும்போது இழை எண்ணுகிற வேலைதான். சின்ன வயதில் அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அழுதவன் நான்.

இப்போது ஒரு தம்பி முன்பே எழுதிக் கொடுத்த கேள்வி. "எக்ஸ்.எம்.எல். பழசாச்சே அண்ணே, இப்ப எல்லாம் ஜேசன்தானே?" நியாயமான கேள்வி. இரண்டு புரோகிராம்கள் தங்களுக்குள் பட்டியல் பரிமாறிக்கொள்ள ஜேசன் சுலபம். வருமான வரிக் கணக்குத் தாக்கல்கூட 2021-ல் எக்ஸ்.எம்.எல்-ஐ விட்டு ஜேசனுக்கு மாறியது. ஆனால் டீக்கடையில் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்புகிறீர்களே, அந்த யு.பி.ஐ. தகவல் வங்கிக்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும் இடையே எக்ஸ்.எம்.எல். ஆகத்தான் வடிவமைக்கப்பட்டது. ஆதாரை இணைய இணைப்பின்றிச் சரிபார்க்கத் தரும் கோப்பும் கையொப்பமிட்ட எக்ஸ்.எம்.எல்.தான். அதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் ஊர்ப் பெயர், இன்னொரு சொல் மருந்து, அதற்குள் ஒரு எழுத்து மேல்குறி என்று உரைநடையும் குறியும் பின்னிக் கிடக்கும் ஆவணங்கள். அங்கே ஜேசனைக் கொண்டு போனால் அரிசியையும் உளுந்தையும் அரைத்த பிறகு பிரிக்கிற கதையாகிவிடும். சட்டம், இலக்கியம், மருத்துவக் கட்டுரை எல்லாம் அந்த வகை.

இனி நம் கதைக்கு வருகிறேன். போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம் ஒரு பழைய சி.டி. கொடுத்தார். நம் சங்கத்தின் பழைய மலர் ஒன்றின் கோப்புகள். "இதுல சில பக்கத்தை எடுத்துத் திரும்பப் போடலாம்னு பார்த்தா, ஒரே இங்கிலீஷ் எழுத்தா வருதுப்பா. கெட்டுப்போச்சா?" என்றார். திறந்து பார்த்தேன். கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'அ' வர வேண்டுமென்றால் எந்த விசையைத் தட்ட வேண்டும் தெரியுமா? ஆங்கில 'எம்'. கண்ணுக்கு அ, கணிப்பொறிக்கு எம். எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, எம்.தான் இருக்கிறது. திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் இந்த நிலையில் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள், முதலில் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் உள்ளிட்ட இலக்கியங்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டன. ஆளும் கவனிப்பும் இருந்த இடத்தில் பிழைத்தது. கல்லூரி மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கக் கணக்கு இவற்றையெல்லாம் யார் மாற்றப்போகிறார்கள்?

நம் மலரை நாம் மாற்றலாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன அதே பள்ளம் இங்கேயும் உண்டு. பக்கத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆங்கிலப் பெயரையும் பட்டத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் பி.ஏ. வேறென்னவோ ஆகிவிடும். எழுத்துருக் குறியைத் தூக்கி எறியாமல், துண்டு துண்டாகப் பார்த்து மாற்ற வேண்டும். பிறகு கட்டுரை, கவிதை, எழுதியவர், ஆண்டு, துறை என்று குறி வைக்க வேண்டும். அப்புறம், "நெசவைப் பற்றி நம் கல்லூரியில் யார் யார் எழுதியிருக்கிறார்கள்?" என்று ஒரு வரியில் கேட்கலாம்.

கணிப்பொறித் துறைத் தலைவர் அம்மாவிடம் பேசிவிட்டேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்கத் தமிழ்த் துறையிலிருந்து இன்னும் நான்கு பேர் வேண்டும், சிவப்புப் பேனா நான் வாங்கித் தருகிறேன். நான் மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வருவேன், மதியம் வரை ஆய்வகத்தில் இருப்பேன். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில், பழைய பீரோவில் மலரின் சி.டி.யோ பிளாப்பியோ இருந்தால் எடுத்துவந்து செயலாளர் அண்ணனிடம் கொடுங்கள். கோப்பு கிடைக்காத ஆண்டுகளுக்கு அச்சுப் பிரதியும் வேண்டும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.